டேப்லெட்டில் பீம் கணக்கு

"எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்று கேட்கும் இளம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கையால் கணக்குப் போடும் பழக்கம் இருக்கிறதா? பாதிப் பேர் சிரிப்பார்கள். டிசைன் சாஃப்ட்வேரில் ஸ்டாட் ப்ரோ இருக்கிறது, ஈடேப்ஸ் இருக்கிறது, யாரோ சீனியர் கொடுத்த எக்செல் ஷீட்டும் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கையால்? கணக்கே போடாதவர் டேப்லெட் வாங்கினால் அதில் படம்தான் பார்ப்பார். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குப் பேனாவோடு சேர்த்து இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கையால் எதற்கு என்பதற்கு முதலில் ஸ்லைப்னர் கதையைச் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரத்துக்குப் பக்கத்துக் கடற்கழியில், 1991 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்-எரிவாயு மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 24 அறைகள் கொண்ட ராட்சதக் கட்டுமானம். வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டியது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு சுவர் வெடித்துத் தண்ணீர் புகுந்தது. மொத்தமும் மூழ்கித் தரையில் மோதி நொறுங்கிப்போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரித்ததில் முக்கியமான இரண்டு காரணங்கள் தெரிந்தன. வட்ட அறைகள் மூன்று சேரும் இடத்தில் ஒரு முக்கோணச் சந்து இருக்கும். அந்தச் சந்தின் சுவர்களுக்குக் கம்ப்யூட்டரில் கொடுத்த மெஷ் (கணக்குக்காகக் கட்டுமானத்தைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போதுமான அளவு நுணுக்கமாக இல்லை. அதனால் அங்கே வரும் ஷியரை (குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையை) புரோகிராம் 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அந்தக் குறைந்த எண்ணை நம்பிக் கம்பி கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பியும் முனையில் சரியாகப் பிடிமானம் கிடைக்கும் அளவுக்கு நீளவில்லை. எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. புதிய மேடைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. பழைய மாடலின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. புது மாடலைச் சரிபார்த்து முடிக்க மாதக்கணக்காகும். அதனால் 20 வருஷத்துக்கு முன்னால் இதே வகை மேடைகளுக்குச் செய்ததுபோல, ஸ்லைடு ரூல் காலத்து முறையில், கையாலேயே டிசைன் செய்வது என்று முடிவெடுத்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் முடிவுகள் வந்து சேர்வதற்குள் முழு டிசைனும் கையால் முடிந்து, கட்டுமானத்தில் 80 சதவீதம் எழும்பியும்விட்டது. 1993 ஏப்ரலில் மேல்தளத்தைக் கொண்டுவந்து அதன் மேல் பொருத்தினார்கள்.

நான் கம்ப்யூட்டருக்கு விரோதி இல்லை. பூகம்ப விசைக்குப் பத்து மாடிக் கட்டடத்தைக் கையால் போடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த மாடலிலிருந்தும் ஒரு பீமைப் பிடித்து இழுத்து, ஒரே ஒரு தாள் பக்கத்தில் கையால் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். என் வேலையில் டேப்லெட்டின் இடம் அந்த ஒரு பக்கம்தான்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். கோவையில் வீட்டு வேலைகளில் அடிக்கடி வரும் பீம்: ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவில் சுவரை எடுத்துவிட்டு, மேலே முதல் மாடிச் சுவரைத் தாங்குவது. ஸ்பான், அதாவது இரண்டு தாங்கல்களுக்கு நடுவில் உள்ள நீளம், 4 மீட்டர். சுவர், ஸ்லாபிலிருந்து வருவது, தன் எடை எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் 30. பீமை வளைக்கும் மொமென்ட்டுக்கு டபிள்யூ எல் ஸ்கொயர் பை எயிட் (பாரம் × ஸ்பானின் வர்க்கம் ÷ 8): 30 × 16 ÷ 8 = 60 கிலோநியூட்டன் மீட்டர். பீம் 230-க்கு 450 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), ரிங் (கம்பிகளைச் சுற்றும் வளையம்), கம்பியின் பாதி எல்லாம் கழித்து, கொஞ்சம் தாராளமாகவே கழித்து, கணக்குக்கான ஆழம் 400. எம்20 தரக் கான்கிரீட், எஃப்இ500 தரக் கம்பி என்றால் இந்த அளவு பீம் தாங்கும் மொமென்ட்டின் எல்லை சுமார் 98. அறுபதுதான் வருகிறது, அடியில் மட்டும் கம்பி போட்டால் போதும். தேவையான கம்பி 385 சதுர மி.மீ.; 16 மி.மீ. கம்பி இரண்டு வைத்தால் 402. முடிந்தது.

ஷியரும் 60 வரும், அது கிலோநியூட்டன். மொமென்ட்டும் 60, ஷியரும் 60. யூனிட் எழுதாமல் விட்டால் இரண்டு மாதம் கழித்து எந்த 60 எது என்று எழுதியவருக்கே தெரியாது. 60,000-ஐ 230 × 400-ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 0.65 நியூட்டன். கான்கிரீட்டுக்கான இந்தியக் கோட் (விதிநூல்) ஐஎஸ் 456-இன் அட்டவணை 19-இல் இந்தக் கம்பி சதவீதத்துக்குக் கான்கிரீட் தாங்குவது சுமார் 0.45. மீதியை ரிங் தாங்க வேண்டும்.

இவ்வளவுதான் கணக்கு. இப்போது ஸ்டாட் அதே பீமுக்கு நடுவில் மொமென்ட் 45 என்று காட்டினால் எனக்குக் கவலையில்லை. இரண்டு முனையும் பில்லரோடு ஓரளவு இறுகியிருப்பதால் குறைந்திருக்கிறது. முழுக்க இறுகியிருந்தால் முனைகளில்கூட 40-தான், எட்டுக்குப் பதில் பன்னிரண்டால் வகுப்பது. 12 என்று காட்டினால் யாரோ சுவர் பாரத்தைக் கொடுக்க மறந்திருக்கிறார்கள். 600 என்றால் யூனிட். இந்த மூன்றையும் பார்த்தவுடன் பிரிக்க முடிவது அந்த ஒரு பக்கத்தால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் இந்தப் பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்ட தாளில் எழுதுவோம். இடது ஓரத்தில் கோட் பிரிவு எண், நடுவில் கணக்கு, வலது ஓரத்தில் முடிவு, அதைச் சுற்றிக் கட்டம். ஒரு பக்கம் மட்டும்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது. எழுதிப் பஞ்ச் செய்து டேக் கோத்துக் கோப்பில் போடுவோம். கோப்பு அலமாரி, அலமாரிக்குக் கரையான் என்று ஒரு சங்கிலி உண்டு. அதை விவரிக்க வேண்டியதில்லை, இந்த ஊரில் கோப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். டேப்லெட்டில் நான் முதலில் செய்தது அந்த மூன்று பத்தித் தாளை அப்படியே ஸ்கேன் செய்து டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டதுதான். ஆப்பிலேயே அழகழகான தாள்கள் வரும். அதெல்லாம் டைரி எழுதுகிறவர்களுக்கு.

தாளில் முடியாத ஒன்று டேப்லெட்டில் முடிகிறது. அட்டவணை 19-இன் அந்த இரண்டு வரியைக் கோட் பிடிஎஃபிலிருந்து வெட்டி, கணக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டி, எந்த எண்ணை எடுத்தேனோ அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடலாம். ஆர்க்கிடெக்ட் அனுப்பிய பிளானிலிருந்து அந்த ஒரு பீம் மட்டும் தெரிகிற துண்டை மேலே ஒட்டலாம். பிளான் மாறினால், எந்தப் பிளானுக்குப் போட்ட கணக்கு என்பது பக்கத்திலேயே இருக்கும். அரசு வேலைகளில் டிசைனைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்களிடம் ப்ரூஃப் செக்கிங்குக்கு (வெளியார் சரிபார்ப்புக்கு) அனுப்புவது வழக்கம். "இந்த பாரம் எங்கிருந்து வந்தது?" என்பதுதான் அங்கிருந்து அதிகமாக வரும் கேள்வி. ஒட்டிய துண்டுகள் வந்தபிறகு அந்தக் கேள்வி கணிசமாகக் குறைந்துவிட்டது.

ஆனால் இதே ஒட்டும் வசதிதான் எனக்கு டேப்லெட்டில் மிகவும் பயமான விஷயம். லாசோ என்று ஒரு கருவி. கையெழுத்தைச் சுற்றி வளைத்தால் அப்படியே எடுத்து வேறு பக்கத்தில் வைக்கலாம். பக்கத்தையே நகல் எடுக்கவும் ஒரு தட்டு போதும். பெட்ரூம் ஸ்லாபுக்குப் போட்ட பக்கத்தை நகல் எடுத்து, தலைப்பைப் பால்கனி என்று மாற்றி, ஸ்பானை மட்டும் அழித்து எழுதினால் இரண்டு நிமிஷத்தில் பால்கனி கணக்கு தயார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாரங்களுக்கான கோட் ஐஎஸ் 875-இல் வீட்டு அறைக்கு லைவ் லோடு (ஆட்கள், சாமான்களின் பாரம்) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், பால்கனிக்கு 3. நகலில் பழைய 2 உட்கார்ந்திருக்கும். அதைவிட மோசம், வெளியே நீட்டிய ஸ்லாபுக்கு எட்டால் வகுக்கக் கூடாது, இரண்டால் வகுக்க வேண்டும். அதே பாரம், அதே நீளம், நான்கு மடங்கு மொமென்ட். கம்பியும் அடியில் வரக் கூடாது, மேலே வர வேண்டும். இப்படி நகலெடுத்த பக்கங்கள் செக்கிங்கில் என் மேஜைக்கு வருகின்றன. எழுதியவர் சோம்பேறி இல்லை. கண் தன் கையெழுத்தையே பார்க்கும்போது "இது நான் போட்டதுதான், சரியாகத்தான் இருக்கும்" என்று தாண்டிவிடுகிறது.

தாளில் இது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாளில் ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதியாக வேண்டும். '2' என்று கை எழுதும்போது மனசு ஒரு நொடி நின்று "பால்கனிக்கு ரெண்டா?" என்று கேட்கும். திரும்ப எழுதுவதை நாங்கள் அலுப்பான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாதி செக்கிங் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது என்பது அது போனபிறகுதான் தெரிகிறது. அதனால் எங்கள் அலுவலகத்தில் கோட் பிரிவும் அட்டவணையும் படமும் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம், எண்ணை மட்டும் ஒட்டக் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் அந்தப் பக்கத்தில் கையால் எழுத வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதற்கு அடுத்தது ரப்பர். டேப்லெட்டில் அழித்தால் சுவடே இருக்காது. இரண்டு விரலால் தட்டினால் கடைசியாக எழுதியது மாயம். கட்டுரை எழுத அது வரம். கணக்கில், அடித்த வரியும் கணக்கின் பகுதிதான். முதலில் 380 ஆழம் வைத்துப் பார்த்தேன், கம்பி நெருக்கமாக வந்தது, அடித்துவிட்டு 450 ஆக்கினேன் என்பது பக்கத்தில் தெரிந்தால், பின்னால் ஆர்க்கிடெக்ட் வந்து "ஃபால்ஸ் சீலிங்குக்கு இடம் பத்தலை, 380-ஆ குறைச்சுடுங்களேன்" என்று கேட்கும்போது ஒரே நிமிஷத்தில் பதில் சொல்லலாம். அழித்துவிட்டால் மறுபடி உட்கார்ந்து போட வேண்டும். அதனால் பக்கத்தில் தேதி போட்டபிறகு ரப்பரைத் தொடுவதில்லை. ஒற்றைக் கோடு, சிவப்பு, பக்கத்தில் சின்னதாகத் தேதி.

கருவியைப் பற்றிக் கேட்டுதானே ஆரம்பித்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிள் பென்சில் 2015-இல் வந்தது. எழுதும் உணர்வு நன்றாக இருக்கும், ஆனால் அதற்கும் சார்ஜ் வேண்டும். சாம்சங்கின் பேனாவான எஸ் பென், வாக்கம் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இயங்குவது. எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே தேவையில்லை, திரைக்குக் கீழே இருக்கும் தகட்டிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். கணக்கு மட்டும் போடுகிறவருக்கு, பேனாவும் பெட்டிக்குள்ளேயே வருகிற விலை குறைந்த சாம்சங் டேப் தாராளமாகப் போதும். ரிமார்க்கபிள் என்று மின்மைத் திரைக் (இ-இங்க்) கருவி ஒன்று இருக்கிறது (அதுவும் நார்வேதான்). வெயிலில் தாள் மாதிரியே தெரியும். ஆனால் பெரிய டிராயிங் பிடிஎஃபை விரித்துப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்ணாடியில் பேனா வழுக்குகிறது என்பவர்கள் சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம். பேனா முனை சீக்கிரம் தேயும், திரையும் கொஞ்சம் மங்கும்.

திரையின் அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ. 12.9 அங்குல ஐபேடின் திரை ஏறக்குறைய 197-க்கு 262. கிட்டத்தட்டத் தாள் அளவு. அதைவிடச் சின்னத் திரையில் பக்கம் முழுதும் தெரிந்தால் எழுத இடம் பத்தாது, அதனால் பெரிதாக்கி எழுதுவார்கள். பெரிதாக்கி எழுதும்போது எழுத்தின் உண்மையான அளவு கைக்குத் தெரியாது. பிரிண்ட் எடுத்தால் ஒரு வரி எறும்பு ஊர்ந்த மாதிரி, அடுத்த வரி கல்யாண பேனர் மாதிரி. ப்ரூஃப் செக்கிங்குக்குப் போகும் தாள் அது. அகலம் திரைக்குப் பொருந்தும் அளவில் பூட்டி வைத்துவிட்டு, மேலிருந்து கீழே மட்டும் நகர்த்தி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

சைட்டுக்கு எடுத்துப்போகலாமா என்றால், போகலாம், நிழல் இருந்தால். ஐபேடுக்கு 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை மாதம் கரூர் பக்கம் மொட்டைத் தளத்தில் நின்று திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சூடு ஆறட்டும் என்று எச்சரிக்கை காட்டிவிட்டுப் படுத்துவிடும். வியர்த்த கை பட்டால் திரை தானாகக் கோடு போடும். சிமெண்ட் தூசியைத் துடைக்காமல் பேனாவை வைத்து இழுத்தால் கண்ணாடி போச்சு.

இத்தனையும் மீறி நான் சைட்டுக்கு எடுத்துப்போவதற்கு ஒரே காரணம் போட்டோ. நீட்டிய பால்கனிக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா. கம்பி கட்டுகிறவர் சரியாகத்தான் கட்டுவார். கான்கிரீட் போடும் அன்றைக்கு ஆட்கள் சட்டியோடு அதன் மேல் நடந்து நடந்து, மேல் கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கிவிடும். ஸ்லாப் பார்க்க நன்றாகவே இருக்கும், சென்ட்ரிங் (அடியில் தாங்கும் பலகை) பிரிக்கும் வரை. ஒரு சைட்டில் இதைத்தான் மேஸ்திரியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க மேடம், கணக்கெல்லாம் உங்களோட இருக்கட்டுங்க. எங்க சேர் கம்பி வெக்கோணும், எத்தன வெக்கோணும், அதக் காட்டுங்க போதும்" என்றார்.

அவர் கட்டிய கம்பியையே போட்டோ எடுத்து, அதன் மேலேயே சிவப்பில், மேல் கம்பியை நாற்காலி மாதிரித் தூக்கிப் பிடிக்கும் அந்தச் சேர் கம்பி வரும் இடங்களைக் குறித்து, மிதிக்கக் கூடாத பகுதியைக் கோடு போட்டு, நடக்கப் பலகை போட வேண்டிய இடத்தையும் வரைந்து அவருடைய வாட்சப்புக்கு அனுப்பினேன். டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும் ஆட்கள்கூடத் தாங்கள் கட்டிய கம்பியின் போட்டோவில் தப்புப் பண்ண மாட்டார்கள். அந்தப் போட்டோவைக் கணக்குப் பக்கத்துக்கு அடுத்த பக்கமாக வைத்துவிட்டால், டிசைனில் கேட்ட கம்பியும் சைட்டில் கிடக்கும் கம்பியும் ஒரே கோப்பில். தாள் காலத்தில் இதற்கு வழியே இல்லை.

எழுதினாலே விடை சொல்லும் வசதியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18-இல் மேத் நோட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சமன்பாட்டை எழுதிச் சமக் குறி போட்டால், நம் கையெழுத்தைப் போலவே விடையை எழுதிவிடும். பார்க்க வித்தையாகத்தான் இருக்கிறது. பாரங்களைக் கூட்ட நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது என் 1-ஐ 7 என்று படித்ததா என்று நான் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடையும் என் கையெழுத்திலேயே வருவதால், எது நான் எழுதியது, எது அது எழுதியது என்பது செக் செய்கிறவருக்குத் தெரியாமல் போகிறது. மேஜையில் கேசியோ கால்குலேட்டர் இன்னும் இருக்கிறது. அதில் தட்டி, பார்த்து, பேனாவால் எழுதுகிறேன்.

முடிந்த கணக்கை ஆப்பிலேயே விட்டுவைக்காதீர்கள். 2021 நவம்பரில் நோட்டபிலிட்டி என்ற குறிப்பெழுதும் ஆப், காசு கொடுத்து வாங்கியவர்களையும் சந்தாவுக்கு மாறச் சொல்லி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அந்த முறை பின்வாங்கினார்கள். நம் கட்டடம் ஐம்பது வருஷம் நிற்க வேண்டியது, எந்த ஆப்பும் அவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை முடிந்ததும் பிடிஎஃப் எடுத்து, வேலை எண், திருத்த எண், தேதி என்று பெயர் வைத்து இரண்டு இடத்தில் போட்டுவிடுகிறோம். ஃபவுண்டேஷன், பில்லர் கணக்கை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு வைக்கிறோம்.

பில்லரும் ஃபவுண்டேஷனும் ஏன் என்றால், நம் ஊரில் வீடு ஒருபோதும் கட்டி முடிவதில்லை. பையனுக்குக் கல்யாணம் வைத்ததும் வீட்டுக்காரர் வந்து நிற்பார்: "மேல ஒரு மாடி போடலாங்களா?" பதில் அந்தப் பழைய பக்கத்தில் இருக்கிறது: எத்தனை மாடிக்கு என்று பாரம் எடுத்தோம், மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு, ஃபூட்டிங் என்ன அளவு. தாள் காலத்தில் "ரெண்டு நாள் கழிச்சு வாங்க, கோப்பைத் தேடணும்" என்று சொல்லி அனுப்புவேன். இப்போது அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஃபூட்டிங் பக்கம் திரையில் வந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததற்கு ஃபீஸ் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஃபீஸ் பழைய ஃபீஸ்தான்.